ஸ்டாண்டர்டு ஹெரால்டு: முன் சஸ்பென்ஷனை மேம்படுத்த எதிலிருந்து தொடங்குவது?

தாம்பரம்_ஹெரால்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. அப்பா வாங்கிய வண்டி. இந்த வண்டியைச் செய்த வண்டலூர் தொழிற்சாலை இருந்த இடத்திலிருந்து என் வீடு பத்து நிமிடம்தான். அதனாலேயே இந்த வண்டியை விற்க மனம் வரவில்லை. எஞ்சின் போன வருடம் முழுதாகப் பிரித்துக் கட்டியாயிற்று. 948 சிசி எஞ்சின் இப்போது தையல் மிஷின் மாதிரி ஓடுகிறது.

பிரச்சினை முன்பக்கம்தான். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடது பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது, திருப்பிய பிறகு தானாக நேராவதில்லை. 60 கி.மீ. வேகத்துக்கு மேல் போனால் சாலையின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் வண்டி தன் இஷ்டத்துக்கு அலைகிறது.

நான் யோசித்து வைத்திருப்பது இது: முன் ஸ்பிரிங் இரண்டையும் கெட்டியானதாக மாற்றி வண்டியை ஓர் அங்குலம் தாழ்த்துவது, அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ஷாக் அப்சார்பர், பாலியூரித்தேன் புஷ், அப்புறம் இங்கிலாந்தில் கிடைக்கும் ட்ரன்னியன் (முன்சக்கரத்தின் கீழ் இணைப்பு) இல்லாத கிட். மொத்தமாக ஒரே நேரத்தில் செய்துவிடலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

---

ரேலிப்பிரியன் எழுதியது:

வாழ்த்துகள் ப்ரோ, இரண்டு கதவு வண்டி இப்போது பார்ப்பதே அபூர்வம். என் ஹெரால்டில் நான் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் வைட்டெஸ் காரின் ஸ்பிரிங் போட்டேன். நம் ஹெரால்டும் ட்ரையம்ஃப் வடிவம்தான், அதே சேஸிஸ் குடும்பம், நேராகப் பொருந்தும். திருப்பத்தில் வண்டி சாய்வது பாதியாகக் குறைந்தது. தாழ்த்தினால் பார்க்கவும் அழகு. தயங்காமல் செய்யுங்கள்.

---

பழைய_ஸ்பேனர் எழுதியது:

தம்பி, ஒரு பொருளும் ஆர்டர் செய்யாதீர்கள். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். கீழ் ட்ரன்னியனுக்குக் கடைசியாக என்ன போட்டீர்கள், கிரீஸா ஆயிலா? எப்போது போட்டீர்கள்?

---

தாம்பரம்_ஹெரால்டு எழுதியது:

ஐயா, ஒவ்வொரு சர்வீஸிலும் நிப்பிளில் கிரீஸ் அடிக்கச் சொல்கிறேன். பல வருடமாக அப்படித்தான். அப்பா காலத்திலும் அதே.

---

பழைய_ஸ்பேனர் எழுதியது:

அதைத்தான் பயந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். 1970களில் சென்னையில் ஹெரால்டு மட்டுமே பார்த்த ஒரு பட்டறையில் வேலை கற்றவன் நான்.

ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்குவது செங்குத்தாக நிற்கும் ஒரு இரும்புத் துண்டு, வெர்டிகல் லிங்க். அதன் மேல்முனையில் பால் ஜாயிண்ட். கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பித்தளைக் கட்டைதான் ட்ரன்னியன். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை ட்ரன்னியனுக்குள் திருகிக்கொண்டு ஏறும், இறங்கும். வண்டியின் முன்பாதி எடை முழுக்க அந்த மரைகளின் மேல்தான். வலது பக்கத்துக்கு வலது மரை, இடது பக்கத்துக்கு இடது மரை. மாற்றிப் போட முடியாது.

தொழிற்சாலைப் புத்தகத்தில் இதற்குக் கிரீஸ் என்று எங்கேயும் இல்லை. ஈ.பி. 90 கியர் ஆயில் என்றுதான் இருக்கிறது. ட்ரன்னியனில் இருக்கும் சின்ன பிளக்கைக் கழற்றி, அங்கே ஒரு நிப்பிளைத் தற்காலிகமாகத் திருகி, கிரீஸ் கன்னில் ஆயிலை நிரப்பி அடிக்க வேண்டும். மேலே ஆயில் கசிந்து வெளியே வரும்வரை அடித்துவிட்டு, நிப்பிளை எடுத்து பிளக்கைத் திரும்பப் போட வேண்டும். இவ்வளவுதான். ஆனால் நிப்பிள் அங்கேயே நிரந்தரமாக இருந்தால், சர்வீஸ் ஸ்டேஷன் பையன் என்ன செய்வான்? கிரீஸ்தான் அடிப்பான். அவன்மேல் குற்றமில்லை.

ஆயில் மரையின் சந்து பொந்தெல்லாம் ஊறிப்போகும். கிரீஸ் அப்படிப் போகாது. ஓரிடத்தில் நின்று, வருடக்கணக்கில் காய்ந்து, மெழுகு மாதிரி ஆகிவிடும். அந்த மெழுகுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் போய் உட்காரும். இரும்பு லிங்க்கின் மரை அடியில் துரு பிடித்துக் குழி விழும். அந்தக் குழியிலிருந்து விரிசல் தொடங்கும். ஒருநாள், பெரும்பாலும் மெதுவாக வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது, லிங்க் ட்ரன்னியனுக்குச் சற்று மேலே முறிந்து, சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கிப் படுத்துவிடும். மெதுவாகப் போகும்போது முறிந்தால் அது நம் அதிர்ஷ்டம். என் கண்ணால் மூன்று வண்டி பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஸ்டீயரிங் கனமாக இருப்பதும் தானாக நேராகாததும் நல்ல அறிகுறி இல்லை. இறுகிப்போன ட்ரன்னியன் அப்படித்தான் செய்யும். அதைப் பார்க்காமல் கெட்டி ஸ்பிரிங் போட்டால், ஏற்கெனவே களைத்துப்போன மரையின் மேல் ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் பலமான அடி விழும்.

---

யாழ்_மைனர் எழுதியது:

பழைய_ஸ்பேனர் ஐயா சொல்வதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். என்னிடம் இருப்பது மொறிஸ் மைனர். யாழ்ப்பாணத்தில் இன்னும் பல வீடுகளில் ஓடுகிற கார். அதிலும் மரை வெட்டிய கிங்பின்தான், மேலேயும் கீழேயும். அதற்கு அடிக்கடி கிரீஸ்தான் அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் கீழ் மரை தேய்ந்து, அதுவும் சக்கரம் மடங்கி விழும்.

எங்கள் ஊர் பழைய மெக்கானிக்குகள் மைனரிலும் ஆஸ்டின் கேம்பிரிட்ஜிலும் கை பழகியவர்கள். உங்கள் பக்கத்தில் அம்பாசடர். அந்தக் கைப்பழக்கம் ஹெரால்டுக்கும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி வேலை, உள்ளே போடுவது மட்டும் வேறு.

---

தாம்பரம்_ஹெரால்டு எழுதியது:

ஐயா, படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. போன மாதம்தான் இந்த வண்டியில் குடும்பத்தோடு மாமல்லபுரம் போய் வந்தேன்.

இன்று காலை பார்த்தேன். ஹெரால்டில் ஒரு வசதி, பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகத் திறந்துகொள்வதால் டயர்மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். இடது பக்கம் நன்றாக ஆடுகிறது. இது பேரிங்கா ட்ரன்னியனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

---

கோவை_லேத் எழுதியது:

ஒருவரை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்திருக்கும்போது ஹப்பும் லிங்க்கும் ஒன்றாகிவிடும். அப்போதும் ஆட்டம் இருந்தால் பேரிங் இல்லை. மேல் பால் ஜாயிண்ட், கீழ் ட்ரன்னியன், அல்லது அதன் நைலான் புஷ்கள். டார்ச் அடித்து எந்த இடத்தில் அசைவு தெரிகிறது என்று பாருங்கள். விரலை அந்த இணைப்பின்மேல் வைத்தாலே தெரியும்.

பேரிங்தான் என்றால், அதை இறுக்கிக் கட்டாதீர்கள். ஹெரால்டில் டேப்பர் ரோலர் பேரிங். கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். இறுக்கினால் சூடேறி நாசமாகிவிடும்.

---

தாம்பரம்_ஹெரால்டு எழுதியது:

பிரேக் பிடித்தும் ஆடுகிறது. கீழேதான். பிரிக்கப் போகிறேன்.

---

ரேலிப்பிரியன் எழுதியது:

நல்ல முடிவு. ஒரு எச்சரிக்கை: ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். மேலே டரட்டில் (ஸ்பிரிங்கின் மேல்முனையைத் தாங்கும் கூண்டு) மூன்று நட்டு, கீழே விஷ்போனில் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கை) ஒரு போல்ட், இதை மட்டும் கழற்றினால் மொத்தமும் ஒன்றாக வெளியே வரும். நடுவில் இருக்கும் ஷாக்கின் தண்டு நட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் அதைக் கழற்றினால் ஸ்பிரிங் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும்.

---

தாம்பரம்_ஹெரால்டு எழுதியது:

மூன்று நாளாயிற்று. சனிக்கிழமை முழுக்க ட்ரன்னியனின் குறுக்கு போல்ட்டோடு போராட்டம். நடுவில் இருக்கும் இரும்புக் குழாயோடு சேர்த்துத் துரு பிடித்து ஒன்றாகிவிட்டது. சூடு காட்டினேன், எண்ணெய் ஊற்றினேன், ஒன்றும் அசையவில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் ஹாக்ஸா பிளேடு விட்டு அறுத்து எடுத்தேன்.

வலது பக்க லிங்க் கெட்டியாக, கறுப்பாக, சோப்புக் கட்டி மாதிரி கிரீஸ் அப்பி இருந்தது. சுத்தம் செய்தபோது மரை பரவாயில்லை. இடது பக்கம் மரையின் கீழ்ப்பாதியில் செம்மண் நிறத்தில் துரு. மரை தொடங்கும் வளைவில் ஒரு கோடு தெரிகிறது, நகத்தில் லேசாகத் தட்டுகிறது. கீறலா விரிசலா என்று தெரியவில்லை. பற்றவைத்து விடலாமா?

---

பழைய_ஸ்பேனர் எழுதியது:

பற்றவைக்கக் கூடாது தம்பி. அது அச்சில் அடித்து உருவாக்கிய இரும்பு. அந்த இடத்தில் வெல்டிங் சூடு பட்டால் பக்கத்து இரும்பின் குணமே மாறிவிடும், விரிசல் வெல்டுக்கு அடுத்த மில்லிமீட்டரில் திரும்பத் தொடங்கும். அதை எடுத்து ஓரமாக வையுங்கள். வண்டியில் திரும்ப ஏறக் கூடாது.

---

கோவை_லேத் எழுதியது:

விரிசலா இல்லையா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் டை பெனட்ரன்ட் பாருங்கள். வெல்டிங் சாமான் விற்கும் கடைகளில் மூன்று ஸ்பிரே டப்பாவாகக் கிடைக்கும். நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு சிவப்புச் சாயத்தை அடித்து ஊற விடுங்கள். அப்புறம் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி ஸ்பிரேயை மெல்லியதாக அடியுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன சிவப்பு வெள்ளையில் ஊறிக் கோடாகத் தெரியும். வலது பக்க லிங்க்கையும் பாருங்கள், அது நன்றாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

---

தாம்பரம்_ஹெரால்டு எழுதியது:

பார்த்தேன். இடது லிங்க்கில் சிவப்புக் கோடு சுற்றளவில் கால்வாசி போகிறது. வலதில் ஒன்றுமில்லை.

அதைப் பார்த்தபின் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

---

மதுரை_கேசல் எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன், இதைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. என்னுடையது கேசல், ஹெரால்டுக்குப் பின் வந்த ஸ்டாண்டர்டு கார். முன்பக்கம் அதே அமைப்புத்தான். நாளைக் காலை முதல் வேலை பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது.

---

ரேலிப்பிரியன் எழுதியது:

முதலில் நல்லவேளை என்று சொல்லிவிடுகிறேன். அடுத்த கேள்வி. எப்படியும் புது லிங்க் வாங்க வேண்டும். இப்போதாவது ட்ரன்னியன் இல்லாத கிட்டுக்குப் போய்விடலாமே? கீழே மரைக்குப் பதில் உருளை ஜாயிண்ட். முறிவதற்கு மரையே இல்லை. ஆயில் தொல்லையும் இல்லை. லோட்டஸ் எலான் காரிலும் இதே ட்ரையம்ஃப் லிங்க்கும் ட்ரன்னியனும்தான், ரேஸ் ஓட்டுபவர்களும் இந்த மரையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

---

பழைய_ஸ்பேனர் எழுதியது:

அந்தக் கிட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன எலான் உதாரணம் என் பக்கத்துக்கும் சாட்சி. சாலையில் திரும்புவதற்குப் பெயர் வாங்கிய காரில் அதை வடிவமைத்தவர்கள் இந்த ட்ரன்னியனையே எடுத்துப் போட்டார்கள் என்றால், வடிவத்தில் கோளாறு இல்லை. ஆயில் போட்டால் அது அதன் வேலையை அழகாகச் செய்யும். கிட்டில் வரும் உருளை ஜாயிண்டும் தேயும், நம் ஊர் மண்ணிலும் சேற்றிலும் இன்னும் சீக்கிரம் தேயும். தேய்ந்தால் அடுத்த ஜாயிண்டுக்கு ஒரே ஒரு விற்பனையாளரை நம்பியிருக்க வேண்டும்.

இந்த வண்டி வருடத்துக்கு எவ்வளவு ஓடப்போகிறது? ஐயாயிரம் கி.மீ.? அப்படியானால் வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்காலத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஆயில் அடித்தால் போதும். பத்து நிமிட வேலை.

---

யாழ்_மைனர் எழுதியது:

ஒரு சட்ட விஷயமும் இருக்கிறது, உங்கள் நாட்டில் 2021 ஜூலையில் வந்த பழைமைக் கார் விதிகள். முதல் பதிவிலிருந்து 50 வருடத்துக்கு மேல் ஆன வண்டிகளுக்கு வி.ஏ. வரிசையில் தனி எண். அதற்கு வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது என்று படித்தேன். என் நண்பர் ஒருவர் சென்னையில் அதற்கு விண்ணப்பிக்க யோசித்ததால் தெரியும்.

---

மதுரை_கேசல் எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், 10 வருடம் செல்லும். ஆனால் அந்தப் பதிவு எடுத்தால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ரேலி மாதிரி காரியங்களுக்கு மட்டும்தான். தாம்பரம் நண்பர் ஓட்ட ஆசைப்படுகிறவர் என்பதால் அவசரப்பட வேண்டாம். ஆனால் எந்த மாற்றம் செய்தாலும் போல்ட் போட்டுக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். சேஸிஸில் வெட்டாதீர்கள், ஓட்டை போடாதீர்கள். கழற்றிய பழைய பாகங்களை எண்ணெய் தடவி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள்.

---

தாம்பரம்_ஹெரால்டு எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். இரண்டு பக்கமும் புது லிங்க், புது ட்ரன்னியன், மூல வடிவத்திலேயே. வலது லிங்க் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுகிறேன். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கிறேன்.

இனி மேம்பாடு என்ற கேள்விக்கு வருகிறேன். எதைச் செய்வது, எதை விடுவது?

---

கோவை_லேத் எழுதியது:

புஷ்ஷிலிருந்து தொடங்குங்கள், காசுக்கு அதிகப் பலன் அங்கேதான். பாலியூரித்தேன் வருவதற்கு முன்னால் வந்த ரப்பர் புஷ் வெளி உறையோடும் உள் குழாயோடும் ஒட்டியிருக்கும், ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் கை அசையும். அதனால்தான் ரப்பர் புஷ் போட்டால் வண்டி தன் காலில் நிற்கும்போது மட்டுமே விஷ்போன் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், இறக்கியவுடனே ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு சில மாதத்தில் கிழிந்துவிடும். நம் பட்டறைகளில் பெரும்பாலும் நடக்கும் தப்பு இது. 'போன வருடம்தானே புஷ் மாத்தினேன்' என்று வருகிற வண்டிகளில் பாதி இந்தக் காரணம்தான்.

பாலியூரித்தேன் அப்படி இல்லை, குழாயைச் சுற்றிச் சுழலும். எந்த நிலையிலும் இறுக்கலாம். ஆனால் கூட வரும் தனி கிரீஸைத் தடவாமல் போட்டால் கீச்கீச்சென்று கத்தும். மிகவும் கெட்டியான ரகம் வேண்டாம், சாலைக்கென்று வரும் நடுத்தர ரகம் போதும்.

---

ரேலிப்பிரியன் எழுதியது:

ஸ்பிரிங் விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன், நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். என் வைட்டெஸ் ஸ்பிரிங்கை ஒரு வருடம் ஓட்டியபின் கழற்றிவிட்டேன். வைட்டெஸில் இருப்பது ஆறு சிலிண்டர் எஞ்சின், முதலில் 1596 சிசி, அப்புறம் 1998 சிசி. அந்தக் கனத்துக்காகச் செய்த ஸ்பிரிங். நம் 948 சிசி எஞ்சினின் எடையில் அது சரியாக அமுங்கவே அமுங்காது. என் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது, மோசமான சாலையில் சக்கரம் தரையைவிட்டு எகிறியது. திருப்பத்தில் சாய்வது குறைந்ததை மட்டும் பார்த்து சந்தோஷப்பட்டேன்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஸ்பிரிங்கின் வலுவும் சக்கரத்தில் தெரியும் வலுவும் ஒன்று இல்லை. ஸ்பிரிங் விஷ்போனின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் சக்கரம் 10 செ.மீ. ஏறினால் ஸ்பிரிங் அதைவிடக் குறைவாகத்தான் அமுங்கும். உதாரணத்துக்கு 6 செ.மீ. என்று வையுங்கள். அப்படியானால் விகிதம் 0.6. அதன் வர்க்கம் 0.36. ஸ்பிரிங் ஓர் அங்குலத்துக்கு 200 பவுண்டு வலு என்றால் சக்கரத்தில் 72 தான். இந்த விகிதத்தை உங்கள் வண்டியிலேயே டேப் வைத்து அளந்துவிட்டு, அப்புறம் ஸ்பிரிங் தேர்ந்தெடுங்கள்.

---

பழைய_ஸ்பேனர் எழுதியது:

ரேலிப்பிரியன், இதை எழுதியதற்கு என் மரியாதை. தாழ்த்துவது பற்றி நான் சொல்கிறேன். வேண்டாம். ஓர் அங்குலம் தாழ்த்தினால் சக்கரம் மேலே ஏறுவதற்கான இடத்தில் ஓர் அங்குலம் போய்விடும். நம் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், ஒன்றுக்கும் அளவு கிடையாது. ரப்பர் ஸ்டாப்பரில் போய் இடிக்கும். அதோடு ஸ்டீயரிங் ராக்கிலிருந்து வரும் கம்பிகளின் சாய்வும் மாறும், அதனால் பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் தானாகத் திரும்பும். நீங்கள் இப்போது குறை சொல்கிற அலைச்சல் இன்னும் அதிகமாகும்.

பின்பக்கத்தையும் மறக்கக் கூடாது. ஹெரால்டில் பின்னால் ஸ்விங் ஆக்ஸில், குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். வேகமாகத் திரும்பும்போது நடுவில் ஆக்ஸிலேட்டரைத் திடீரென்று விட்டால் வெளிச்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும், வால் வழுக்கும். இந்தக் குணம் உள்ள வண்டியில் முன்பக்கத்தை மட்டும் தனியாக நினைத்து எதையும் செய்யக் கூடாது.

இதற்கு ட்ரையம்ஃப் நிறுவனமே கண்டுபிடித்த வழி இருக்கிறது. 1970-ல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 வந்தபோது பின் ஸ்பிரிங்கைச் சாய்வைத் தாங்காதபடி சுழலவிட்டு, அதை ஈடுகட்ட முன்பக்க ஆன்டி-ரோல் பாரை கனமாக்கினார்கள். சாய்வைத் தடுக்கும் பொறுப்பைப் பின்சக்கரத்திலிருந்து எடுத்து முன்சக்கரத்தில் வைத்தார்கள். அதனால் உங்களுக்கு மேம்பாடு வேண்டுமென்றால், ஸ்பிரிங்கைத் தொடாமல் கனமான முன் ஆன்டி-ரோல் பார் மட்டும் போடுங்கள். நேர்ச்சாலையில் சொகுசு குறையாது, திருப்பத்தில் மட்டும் வேலை செய்யும், பின்பக்கத்துக்கும் பாதுகாப்பு. இந்த வண்டிக்கு இதைவிட நல்ல மாற்றம் எனக்குத் தெரியாது.

---

மதுரை_கேசல் எழுதியது:

ஐயா, கேசலில் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில் இல்லை, சாதாரண நேர் ஆக்ஸில். எனக்கும் கனமான பார் தேவையா?

---

பழைய_ஸ்பேனர் எழுதியது:

உங்களுக்கு அவசியமில்லை. வால் மடங்கும் பயம் கேசலில் இல்லை. நல்ல புஷ், நல்ல ஷாக், அலைன்மெண்ட், இதுவே போதும்.

---

கோவை_லேத் எழுதியது:

டயர் பற்றி யாரும் சொல்லவில்லை. இந்த வண்டி கிராஸ்-பிளை டயரில் பிறந்தது. ரேடியல் போட்டிருந்தால் அலைன்மெண்டைப் பழைய புத்தக அளவில் வைக்காதீர்கள், டோ-இன் (முன்சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) கிட்டத்தட்ட நேராக இருக்கட்டும். 145/80 ஆர்13 அல்லது 155/80 ஆர்13 போதும். அதைவிட அகலம் வேண்டாம். சக்கர அச்சு லிங்க்குக்குள் இறுக்கிப் பொருத்தியது, மெல்லியது. அகல டயரின் பிடிப்பு அந்த அச்சின் வேரில்தான் போய்ச் சேரும்.

கேம்பரும் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) காஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) கீழ் விஷ்போனின் உள்பக்க பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய தகடுகளில்தான். முன்னும் பின்னும் சமமாகச் சேர்த்தால் கேம்பர், ஒரு பக்கம் மட்டும் சேர்த்தால் காஸ்டரும் மாறும். பிரிக்கும்போது எந்த இடத்தில் எத்தனை ஷிம் என்று எழுதி வைத்தீர்களா?

---

தாம்பரம்_ஹெரால்டு எழுதியது:

எழுதி வைத்திருக்கிறேன். இடது முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. வலது முன்னும் பின்னும் இரண்டு. போட்டோவும் எடுத்தேன்.

---

தாம்பரம்_ஹெரால்டு எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். பாகங்கள் வந்து சேரவே ஐந்து வாரம் ஆயிற்று.

டரட்டுகளைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டிப் பார்த்தேன், விரிசல் இல்லை, துரு மேலோட்டம்தான். பெயின்ட் அடித்தேன். புது ட்ரன்னியனைத் திருகும் முன்பே உள்ளே ஆயில் நிரப்பினேன். முடியும்வரை திருகி, இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்புவதற்கு இடம் விட்டுக் கொஞ்சம் பின்னால் எடுத்தேன். இடது மரையைத் திருகும்போது கை பழக்கத்தில் வலப்பக்கமே போனது, இரண்டு முறை நிறுத்தி யோசிக்க வேண்டியிருந்தது. நிரந்தர நிப்பிளை எடுத்துவிட்டு பிளக் போட்டாயிற்று. பிளக்குக்குப் பக்கத்தில் மஞ்சள் பெயின்டில் 'ஆயில் மட்டும்' என்று எழுதிவிட்டேன்.

நடுத்தர ரகப் பாலி புஷ், நான்கு பக்கமும் புது ஷாக், முன்பக்கம் கனமான ஆன்டி-ரோல் பார். ஷாக்கை மென்மையான நிலையிலிருந்து இரண்டே கிளிக் ஏற்றியிருக்கிறேன். ஸ்பிரிங் பழையதுதான், இரண்டையும் தரையில் நிறுத்தி உயரம் அளந்தேன், வித்தியாசம் இல்லை. உயரம் தொழிற்சாலை உயரம். ட்ரன்னியன் இல்லாத கிட் ஆசையை விட்டுவிட்டேன்.

அலைன்மெண்ட் கடையில் 'இந்த வண்டிக்குக் கம்ப்யூட்டரில் அளவு இல்லை சார்' என்றார்கள். புத்தகத்தையும் இந்த இழையின் பிரிண்ட்டையும் கையில் கொடுத்தேன். அந்தப் பையன் பொறுமையாக உட்கார்ந்து ஷிம்மை மாற்றி மாற்றி மூன்று மணி நேரம் வேலை பார்த்தான்.

போன ஞாயிறு ஏலகிரி போனேன். 'டொக்' சத்தம் இல்லை. நெடுஞ்சாலையில் 80-ல் ஸ்டீயரிங்கை இரண்டு விரலில் பிடிக்கலாம். மலையில் 14 கொண்டை ஊசி வளைவு. ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் வண்டி, அதை இதுவரை நான் உணர்ந்ததே இல்லை, ஸ்டீயரிங் அவ்வளவு இறுக்கமாக இருந்தது. ஒவ்வொரு வளைவு முடிந்ததும் சக்கரம் தானாக நேரானது. மேலே போய் நிறுத்தியதும் அப்பாவுக்குப் போன் செய்தேன். 1967-ல் வாங்கியபோது ஸ்டீயரிங் எப்படி இருந்தது என்று கேட்டேன். 'வெண்ணெய் மாதிரி இருக்கும்டா' என்றார்.

---

பழைய_ஸ்பேனர் எழுதியது:

மிகுந்த சந்தோஷம் தம்பி. 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பிளக்கை ஒருமுறை கழற்றி ஆயில் நிற்கிறதா என்று பாருங்கள், புது மரை முதலில் கொஞ்சம் குடிக்கும்.

---

மதுரை_கேசல் எழுதியது:

என் கேசலையும் பார்த்துவிட்டேன். இரண்டு லிங்க்கிலும் விரிசல் இல்லை. வலது பக்கம் கிரீஸ், இடது பக்கம் ஒன்றுமே இல்லை, எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. இரண்டையும் கழுவி, ஆயில் போட்டு மூடிவிட்டேன். கோவை_லேத், அந்தச் சிவப்புச் சாய ஸ்பிரே என்னிடம் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. மதுரையில், திண்டுக்கல்லில் யாராவது ஹெரால்டோ கேசலோ வைத்திருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.